கதவை மூடினால் விளக்கு அணைகிறதா?
ஜிப்சி டிரைவர்கள் கவனிக்க வேண்டிய சின்ன விஷயம்

திங்கட்கிழமை விடியற்காலை 5 மணி. பெங்களூர் சிவாஜிநகரில் இருந்து ஒரு வாடகை ஜிப்சி பந்திப்பூருக்குப் புறப்பட வேண்டும். டிரைவர் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். சாவியைத் திருப்பினார். மீட்டர் விளக்குகள் மினுக்கென்று மங்கின. என்ஜின் சுற்றவில்லை.

ஓனர் வந்தார். "விளக்கைப் போட்டுவிட்டுப் போயிருப்பாய்" என்று ஏசினார். சவாரி கைவிட்டுப் போயிற்று. டிரைவரின் ஒருநாள் சம்பளமும் பிடிக்கப்பட்டது.

வண்டி தள்ளு வண்டியாக ஒரு தமிழ் எலெக்ட்ரீஷியன் கடைக்குப் போனது. அவர் கதவை மூடிவிட்டு, கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். சார்ஜ் ஏற்றிய பேட்டரியை மாட்டியதும் கூரை விளக்கு பளிச்சென்று எரிந்தது. கதவு மூடியிருந்தும் அணையவில்லை.

"தப்பு உன்மேல் இல்லை தம்பி. கதவு சுவிட்ச் போய்விட்டது" என்றார் அவர்.

"சனிக்கிழமை பட்டப்பகலில் நிறுத்தினேன் அண்ணே. வெயிலில் விளக்கு எரிந்தது தெரியவில்லை" என்றார் டிரைவர்.

கணக்கு என்ன?

கூரை விளக்கு 10 வாட் பல்பு. 12 வோல்ட் பேட்டரியில் அது சுமார் 0.8 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். சனி பகல் 1 மணி முதல் திங்கள் காலை 5 மணி வரை 40 மணி நேரம். மொத்தம் 32 ஆம்பியர்-அவர். சிறிய வண்டியின் பேட்டரி 35, 40 ஆம்பியர்-அவர்தான். பிறகு ஸ்டார்ட்டருக்கு என்ன மிஞ்சும்?

1985 டிசம்பரில் வந்த மாருதி ஜிப்சி, நான்கு சக்கரமும் இழுக்கும் சிறிய வண்டி. முதலில் வந்ததன் என்ஜின் 970 சி.சி. புது ஜிப்சி இப்போது ஷோரூமில் கிடையாது. ஆனால் காட்டுச் சவாரியிலும் எஸ்டேட்டுகளிலும் பழைய ஜிப்சிகள் இன்னும் உழைக்கின்றன. சேறும் தண்ணீரும் படும் வண்டியில் முதலில் கெடுவது இப்படிப்பட்ட சின்னச் சாமான்கள்தான்.

கதவு சுவிட்ச்

கதவுத் தூணில் ஒரே திருகாணியில் இந்தச் சுவிட்ச் இருக்கும். கதவு திறந்தால் இது வண்டியின் உடலோடு எர்த் சேர்த்து விளக்கை எரிய வைக்கும். கதவு மூடி அழுத்தினால் அணையும். அழுத்தும் முனை தேய்ந்துபோனால் விளக்கு அணையாது. துரு ஏறினால் எரியாது.

விளக்கு எரியவில்லை என்றால் சுவிட்சைக் கழற்றி, அதன் ஒயரை வண்டியின் இரும்பில் தொட்டுப் பார்க்கலாம். எரிந்தால் பல்பு நல்லது, சுவிட்ச்தான் கெட்டது. ஒயர் தூணுக்குள் நழுவி விழாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். விழுந்தால் எடுப்பது பெரும்பாடு.

கூரை பல்பு மாற்றுவது

இதற்கு இரண்டு முனையிலும் உலோகத் தொப்பி உள்ள குழல் பல்பு போடுவார்கள். விளக்கை அணைத்து, சூடு ஆறிய பிறகு, மெல்லிய திருப்புளியில் துணி சுற்றி மூடியை ஓரமாக நெம்ப வேண்டும். பல்பை விரலால் எடுக்க வேண்டும். திருப்புளியால் நெம்பினால் அது இரும்பில் பட்டு ப்யூஸ் போய்விடும்.

31, 36, 41 மில்லிமீட்டர் என்று பல நீளங்கள் உண்டு. பழைய பல்பைக் கையில் கொண்டுபோய்க் கேட்பதே நல்லது. பிடிக்கும் தகடு துருப்பிடித்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, லேசாக உள்பக்கம் வளைத்துவிட வேண்டும். வெளிச்சம் வேண்டும் என்று அதிக வாட் போட்டால் பிளாஸ்டிக் மூடி உருகும். ப்யூஸுக்குப் பதிலாக ஈயத்தாள் சுற்றுவது வண்டிக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

இப்போது பலர் எல்.இ.டி. பல்பு போடுகிறார்கள். ஒன்று, இரண்டு வாட்தான் இழுக்கும். போட்டு எரியாவிட்டால் கெட்டது என்று எறிய வேண்டாம். முனைகளை மாற்றிப் போட்டால் எரியும்.

சிவப்பு விளக்குகள்

மீட்டர் போர்டு பல்பு இதைவிட முக்கியம். சாவியை ஆன் செய்ததும், என்ஜின் ஓடும் முன்பு, ஆயில் விளக்கும் சார்ஜ் விளக்கும் எரிய வேண்டும். எரியாவிட்டால் "எல்லாம் சரி" என்று அர்த்தம் அல்ல. பல்பே போயிருக்கலாம். ஆயில் பல்பு போன வண்டியில் ஆயில் பிரஷர் இறங்கினாலும் தெரியாது. என்ஜின் பிடித்துக்கொண்ட பிறகே தெரியும்.

சார்ஜ் பல்பு போனால் பல பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டரே சார்ஜ் கொடுக்கத் தொடங்காது. அந்தப் பல்பு வழியாகத்தான் அதற்கு முதல் மின்சாரம் போகிறது. அங்கே எல்.இ.டி. போடக் கூடாது.

இந்தப் பல்புகளை மாற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்ற வேண்டும். பழைய வண்டியில் ஸ்பீடாமீட்டர் கேபிளை விடுவித்த பிறகே மீட்டரை முன்னால் இழுக்கலாம். பின்னால் உள்ள ஓல்டரைச் சிறிது திருப்பினால் பல்பு வந்துவிடும். அங்குள்ள செம்புத் தகடு காகிதம் போல மெல்லியது. கிழித்துவிட்டால் செலவு கூடும்.

அந்தத் திருவண்ணாமலை டிரைவர், தேய்ந்த சுவிட்சைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய் ஓனரிடம் காட்டினார். பிடித்த சம்பளம் மாதக் கடைசியில் திரும்பி வந்தது.

இப்போது அவர் வண்டியை நிறுத்தியதும் கதவை மூடி, கையைக் கண்ணாடியில் குவித்து உள்ளே ஒருமுறை பார்க்கிறார். அரை நிமிஷ வேலை. ஒருநாள் சம்பளத்தைக் காப்பாற்றும் வேலை.