நகைப்பும் நாடியும்: மருத்துவ ஆய்வுகளின் விந்தைப் பக்கம்

நகைப்பு நம் மரபுக்கு அயலானதன்று. பெருமானார் (ஸல்) அவர்கள் தம் தோழர்களுடன் வேடிக்கையாகப் பேசியதுண்டு. அவ்வேடிக்கையிலும் உண்மையன்றி வேறொன்றும் வெளிப்பட்டதில்லை என்பதை நபிமொழித் தொகுப்புகளால் அறிகிறோம். சிரிப்பும் வேண்டும், அதில் பொய்யும் கலத்தலாகாது என்னும் இவ்விரு நிபந்தனைகளுக்கும் ஒருங்கே உட்படும் ஒரு மூலை இன்றைய மருத்துவ ஆராய்ச்சியிலும் இருக்கின்றது. 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட 'இக் நோபல்' பரிசு, முதலில் சிரிக்க வைத்துப் பின்னர் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கென்றே அளிக்கப்படுவது. 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' என்னும் புகழ்பெற்ற மருத்துவ ஏடும் ஒவ்வோர் ஆண்டின் இறுதி இதழிலும் இத்தகைய ஆய்வுகளுக்கு இடம் ஒதுக்குகிறது. அவற்றுள் சிலவற்றைப் போடிநாயக்கனூர்ச் சீமையின் வாழ்வோடு பொருத்திப் பார்ப்பதே நம் நோக்கம். மலைப்பாதை, யானை, ஏலக்காய் ஆகிய மூன்றுமே ஆய்வாளர்களின் கண்ணில் பட்டிருப்பது அதற்கு வாய்ப்பாக அமைந்துள்ளது.

வளைவுகளும் வயிறும்

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் பாதையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்வோர் ஜீப்புகளில் இப்பாதையில்தான் குலுங்கிச் சென்று திரும்புகின்றனர். அக்குலுக்கலால் உடலுக்கு என்ன நேர்கிறது என்னும் வினா விளையாட்டாகத் தோன்றலாம். அதே வினாவை இரண்டு ஆய்வுக் குழுக்கள் மிகக் கவனமாக எழுப்பியுள்ளன.

மார்க் மிச்செல், டேவிட் வார்ட்டிங்கர் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு முதலாவது. புளோரிடாவிலுள்ள கேளிக்கைப் பூங்காவின் ரோலர் கோஸ்டர் வண்டியில் ஏறியிறங்கிய ஒரு நோயாளி, ஒவ்வொரு சவாரிக்குப் பின்னும் தம் சிறுநீரகக் கல் ஒன்று வெளியேறியதாகக் கூறினார். மருத்துவர்கள் அதனை நம்பிவிடவுமில்லை, தள்ளிவிடவுமில்லை. சிறுநீரகத்தின் உட்குழாய் அமைப்பை அப்படியே ஒத்த சிலிக்கோன் வார்ப்பு ஒன்றைச் செய்தனர். அதில் சிறுநீரையும் வெவ்வேறு அளவுள்ள மூன்று கற்களையும் இட்டு, முதுகுப்பையில் வைத்து, அதே வண்டியில் இருபது முறை சவாரி செய்தனர். முன்னிருக்கையில் அமர்ந்தபோது 24 வாய்ப்புகளில் 4 முறையும், பின்னிருக்கையில் அமர்ந்தபோது 36 வாய்ப்புகளில் 23 முறையும் கல் இடம்பெயர்ந்தது. பேருந்தின் கடைசி இருக்கையில்தான் தூக்கிப்போடுதல் மிகுதி என்பதைப் போடிமெட்டு ஏறிய எவரும் அறிவர். 2018இல் இவ்வாய்வுக்கு இக் நோபல் பரிசு கிட்டியது. எனினும் சோதிக்கப்பட்டது ஒரு வார்ப்பேயன்றி மனித உடலன்று என்பதையும், பயன்பட்ட கற்கள் சிறியவை என்பதையும் மறக்கலாகாது. கல்லடைப்பால் துடிப்பவரைப் பேருந்தில் ஏற்றிவிடுவதற்கு இவ்வாய்வு சான்றாகாது.

இரண்டாவது ஆய்வு 2012இல் இங்கிலாந்தில் நிகழ்ந்தது. குடல்வால் அழற்சி இருக்கக்கூடும் என்னும் ஐயத்துடன் மருத்துவமனைக்கு வந்தோரிடம், 'வழியில் வேகத்தடைகளைக் கடக்கையில் வலி மிகுந்ததா?' என்று வினவினர். வேகத்தடைகளைக் கடந்து வந்தவர்கள் 64 பேர். அவர்களுள் 34 பேருக்குக் குடல்வால் அழற்சி உறுதியாயிற்று. அந்த 34 பேரில் 33 பேர் வேகத்தடையில் வலி மிகுந்ததாகக் கூறியிருந்தனர். அழற்சியுற்ற வயிற்றின் உட்சவ்வு சிறு அதிர்வையும் தாங்காது என்பதே இதன் காரணம். மறுபுறம், அந்நோய் இல்லாத 30 பேரிலும் 21 பேர் வலித்ததாகவே கூறினர். ஆகவே இச்சோதனையில் வலித்ததனால் மட்டும் நோய் உண்டென்று முடிவு செய்ய இயலாது. வலிக்கவில்லையெனில் நோய் இருக்கும் வாய்ப்புக் குறைவு என்று கொள்ளலாம். இவ்விரண்டும் வெவ்வேறு கூற்றுகள். இவற்றைப் பிரித்தறிவதே மருத்துவப் புள்ளியியலின் முதற்பாடம். அதனை ஒரு வேகத்தடை கற்றுத் தந்துவிட்டது. மேட்டிலும் பள்ளத்திலும் ஜீப் குதிக்கும்போதெல்லாம் அடிவயிற்றின் வலப்பக்கம் குத்துகிறதென்று ஒரு தொழிலாளி சொன்னால், அதனை வெறும் முனகல் என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும் என்பது இதன் நடைமுறைப் பயன்.

யானையின் தோலும் மாணவரின் மூக்கும்

ஏலமலையின் மறுபுறம் கேரளம். அம்மாநிலத்து வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே.பி. ஸ்ரீகுமார், ஜி. நிர்மலன் ஆகிய இருவரும் இந்திய யானையின் உடற்பரப்பு எவ்வளவு என்று கணித்து 1990இல் ஆய்வுக் கட்டுரை எழுதினர். அதற்கு 2002இல் கணிதத்துக்கான இக் நோபல் பரிசு வழங்கப்பட்டது. யானைத் தோலை அளப்பதால் என்ன பயன் என்று கேட்போர் உண்டு. உயிரினம் ஒன்று வெப்பத்தை வெளியிடுவதும், அதன் உடலில் நிகழும் வேதிமாற்றத்தின் வேகமும் எடையை மட்டுமன்றி உடற்பரப்பையும் சார்ந்தவை. மனிதரில் புற்றுநோய் மருந்துகள் பலவற்றின் அளவு இன்றும் உடற்பரப்பைக் கொண்டே கணிக்கப்படுகிறது. காட்டிலும் கொட்டடியிலும் நிற்கும் யானையைத் தராசில் ஏற்றுதல் எளிதன்று. உயரத்தையும் முன்பாதத்தின் சுற்றளவையும் அளந்தாலே போதும், பரப்பைக் கணித்துவிடலாம் என்று இவ்வாய்வாளர்கள் காட்டினர். 2023ஆம் ஆண்டு சின்னக்கானலிலும் பின்னர்க் கம்பத்திலும் 'அரிக்கொம்பன்' என்னும் யானையை மயக்க ஊசி செலுத்திப் பிடித்த நிகழ்ச்சியை நினைவிற் கொண்டால், ஒரு பேருயிரின் உடலளவைத் தொலைவிலிருந்து மதிப்பிடுதல் எத்துணை இன்றியமையாதது என்பது விளங்கும்.

பெங்களூர் 'நிம்ஹான்ஸ்' நிறுவனத்தின் சித்தரஞ்சன் ஆண்ட்ரேடு, பி.எஸ். ஸ்ரீஹரி ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வோ இன்னும் வேடிக்கையானது. பள்ளி மாணவர் 200 பேரிடம் மூக்கு நோண்டும் பழக்கத்தைப் பற்றி அவர்கள் வினவினர். ஏறத்தாழ அனைவரும் ஒப்புக்கொண்டனர். நாளொன்றுக்கு நான்கு முறை என்பது நடுத்தர அளவு. 7.6 விழுக்காட்டினர் இருபது முறைக்கும் மேல் என்றனர். இதுவும் அவ்வாண்டே பரிசு பெற்றது. ஒரு பழக்கம் எப்போது நோயாகிறது என்று மனநல மருத்துவர் தீர்மானிக்க வேண்டுமாயின், நோயற்றவரிடம் அது எவ்வளவு காணப்படுகிறது என்பது முதலில் தெரிந்திருத்தல் வேண்டும். கூச்சத்தினால் எவரும் கேளாத வினாவை இவர்கள் கேட்டனர், அவ்வளவே.

நமக்கு இனிக்கும் ஆய்வுகள்

இதுகாறும் கண்டவை நம்மைச் சிரிக்க வைத்தவை. நம்மைத் தலையசைக்க வைக்கும் ஆய்வுகளிடத்தில்தான் கூடுதல் எச்சரிக்கை தேவைப்படுகிறது.

உதய்ப்பூர் மருத்துவ ஆய்வாளர்கள் 2009இல் ஏலக்காய் குறித்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். தொடக்கநிலை இரத்தக்கொதிப்புள்ள 20 பேருக்கு நாளொன்றுக்கு 3 கிராம் ஏலப்பொடி வீதம் 12 வாரங்கள் கொடுத்ததில் இரத்த அழுத்தம் குறைந்தது என்பது முடிவு. ஏலமே வாழ்வாகக் கொண்ட போடி வணிகர் எவர்க்கும் இச்செய்தி இனிக்கும். ஆயினும் பொடி உண்ணாத மற்றொரு குழுவுடன் ஒப்பிட்டு இம்முடிவு எட்டப்படவில்லை. முதன்முதலில் மருத்துவரைக் காணும் அச்சத்தில் அழுத்தம் உயர்ந்து காட்டுவதும், மறுமுறை மறுமுறை அளக்கையில் அது தானே தணிவதும் இயல்பு. உணவிலும் நடையிலும் அந்நாள்களில் அவர்கள் காட்டிய கவனமும் இதிற் கலந்திருக்கலாம். ஏலக்காயில் குணமில்லை என்பது நம் வாதமன்று. இவ்வாய்வு ஒரு தொடக்கமே, தீர்ப்பன்று என்கிறோம். இதனை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால், பக்கவாதம் வந்து அவரைச் சாய்க்கும்போது ஆய்வுக் கட்டுரை துணைக்கு வாராது.

அடுத்தது நம் நம்பிக்கையைத் தொடுவது. 2001ஆம் ஆண்டின் இறுதியில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இஸ்ரேலிய மருத்துவர் லெயனார்டு லைபோவிச்சியின் ஆய்வை வெளியிட்டது. 1990 முதல் 1996 வரை குருதித் தொற்றுடன் ஒரு மருத்துவமனையில் இருந்த 3,393 பேரின் பெயர்களை அவர் 2000ஆம் ஆண்டில் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவினருக்காக மட்டும் ஒருவர் பிரார்த்தனை செய்தார். நோயாளிகளோ பல ஆண்டுகட்கு முன்பே குணமடைந்தோ இறந்தோ போயிருந்தனர். பழைய பதிவேடுகளைப் புரட்டியபோது, பிரார்த்திக்கப்பட்ட பிரிவினர் மருத்துவமனையில் தங்கிய நாள்களும் காய்ச்சல் நீடித்த நாள்களும் குறைவாக இருந்தன. இறப்பு விகிதத்தில் மட்டும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

இதனைப் பிரார்த்தனையின் வெற்றிக்குச் சான்றாக எடுத்தாண்டோர் பலர். ஆசிரியரின் கருத்தோ முற்றிலும் வேறு. முறைப்படி பிழையற்றதாகத் தோன்றும் ஓர் ஆய்வு, நடக்கவியலாத ஒன்றை நிறுவுமாயின் அதனை ஏற்பீரா என்று மருத்துவ உலகைக் கேட்பதே தம் நோக்கம் என அவர் பின்னர் விளக்கினார். ஒரே மூட்டை ஏலக்காயைக் கண்ணை மூடிக்கொண்டு இரு குவியலாக்கிச் சல்லடையில் இட்டால், ஒரு குவியலில் பருங்காய் சற்றுக் கூடுதலாக இருக்கவே செய்யும். அது குவித்தவரின் கைராசியன்று, தற்செயல். ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகளை ஒப்பிடும்போது ஏதேனும் ஒன்றில் அத்தகைய வேறுபாடு தலைகாட்டும் வாய்ப்பும் மிகும். 2006இல் அமெரிக்காவில் இதய அறுவைக்கு உட்பட்ட 1,802 பேரிடம் நிகழ்ந்த பெரிய ஆய்வில், தமக்காகப் பிறர் பிரார்த்திப்பதை உறுதியாக அறிந்தவர்களுக்கே சிக்கல்கள் சற்று மிகுதியாக நேர்ந்தன. முந்தைய ஆய்வைக் கொண்டு நம்பிக்கையை நிறுவியவர் இப்போது என்ன செய்வார்?

துஆ என்பது வணக்கம். இறைவனிடம் அடியான் கையேந்துதல் பேரமன்று. பதிவேட்டில் நாள்களை எண்ணி அதன் பயனை அளத்தலும் ஆகாது. 'அறிவியல் நிரூபித்துவிட்டது' என்னும் முட்டுக்கொடுத்து ஈமானை நிறுத்த முயல்வோர், அம்முட்டு சரியும் நாளில் இளையோரின் உள்ளத்தில் எழும் ஐயத்துக்கும் பொறுப்பேற்க நேரும்.

மரபு தந்த சல்லடை

இத்தகைய எச்சரிக்கை நமக்குப் புதிதன்று. ஹதீஸ் கலை அறிஞர்கள் செய்தி இனிமையானது என்பதற்காக அதனை ஏற்றதில்லை. அறிவிப்பாளர் தொடரையும் ஆராய்ந்தனர், பொருளையும் ஆராய்ந்தனர். கத்தரிக்காய் எந்நோய்க்காக உண்ணப்படினும் அந்நோயைத் தீர்க்கும் என்னும் கருத்தில் நபியவர்களின் பெயரால் ஒரு செய்தி உலவியது. 1350இல் மறைந்த இமாம் இப்னுல் கையிம் அதனைப் புனைவென்று தள்ளினார். அனுபவம் அதனைப் பொய்ப்பிக்கிறது என்பதும் அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. கத்தரிக்காய்க்குச் செய்ததை ஏலக்காய்க்கும் செய்வதே நேர்மை.

மருத்துவத்திலும் அப்படியே. ஏறத்தாழ 925இல் மறைந்த அபூபக்ர் அல்ராஸி, 'சிர்ஸாம்' எனப்பட்ட மூளைச்சவ்வு நோயின் அறிகுறி உடையோருள் ஒரு பகுதியினருக்குக் குருதி வாங்கினார். மற்றொரு பகுதியினரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாமல் விட்டு ஒப்பிட்டார். குருதி வாங்குதல் உண்மையில் பயனளிக்கும் முறையன்று என்பதை இன்று அறிவோம். ஆயினும் 'செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?' என்று அவர் கேட்ட அந்தக் கேள்வியே இன்றைய ஒப்பீட்டு ஆய்வுகளின் வேராகும். உதய்ப்பூர் ஆய்வில் விடுபட்டதும் அக்கேள்விதான்.

எனவே மருத்துவச் செய்தி ஒன்று நம் கைக்கு வரும்போது மூன்றைக் கேட்டல் நலம்: சோதிக்கப்பட்டவர் எத்தனை பேர்? ஒப்பிடப்பட்டவர் யார்? இம்முடிவு நமக்கு விருப்பமற்றதாக இருந்தால் இதே சான்றை ஏற்றிருப்போமா? ஒரு செய்தி வந்தால் அதனைத் தெளிந்தறியுமாறு பணிக்கும் இறைமறையின் சமுதாயம் நாம். செய்தி எவரிடமிருந்து வந்தாலும், அது நம்மைப் புகழ்ந்தே வந்தாலும், அப்பணிப்பினின்று நமக்கு விலக்கில்லை.