கடைக்கு வராத ரெக்கார்டு

நல்ல பாட்டு என்றால் எப்படியும் நம் காதுக்கு வந்து சேர்ந்துவிடும், வராததெல்லாம் சுமார் ரகம்தான் என்று நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு உண்டு. ராக், பாப் கேட்கிறவர்களிடம் இது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். பீட்டில்ஸ், பிங்க் ஃபிளாய்ட், குயீன் என்று பத்துப் பதினைந்து பெயர்களைச் சுற்றிச் சுற்றியே காலத்தை ஓட்டிவிடுவார்கள். அந்தப் பெயர்களில் குறையொன்றும் இல்லை. ஆனால் ஒரு பாட்டு நன்றாக இருப்பதற்கும் அது நம்மிடம் வந்து சேர்வதற்கும் நடுவே கம்பெனி, குடோன், லாரி, கடை என்று நீளமான ஒரு வழி கிடக்கிறது. அந்த வழியில் என்னவெல்லாம் நடக்கலாம் என்று காட்ட பிக் ஸ்டார் குழுவைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிறது மெம்ஃபிஸ். எல்விஸ் பிரெஸ்லி தன் முதல் ரெக்கார்டுகளைப் போட்ட ஊர். அங்கே ஜான் ஃப்ரை என்பவர் ஆர்டென்ட் என்று ஒரு ஸ்டூடியோ நடத்திவந்தார். ஒலிப்பதிவு கற்றுக்கொள்ள ஆசைப்பட்ட உள்ளூர்ப் பையன்களை, வேலை இல்லாத நேரத்தில் உள்ளே விட்டு, கருவிகளைத் தொட்டுப் பழக விடுவார். அப்படிப் பழகியவர்களில் ஒருவர் கிரிஸ் பெல். அவரும் ஆண்டி ஹம்மல், ஜோடி ஸ்டீவன்ஸ் என்ற இருவரும் வாசித்துக்கொண்டிருந்த இடத்தில் அலெக்ஸ் சில்ட்டன் வந்து சேர்ந்தார். சில்ட்டன் அதற்குள் ஒரு சுற்று புகழைப் பார்த்து முடித்திருந்தார். பாக்ஸ் டாப்ஸ் குழுவுக்காக 1967-ல், 16 வயதில், அவர் பாடிய 'த லெட்டர்' அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போன பாட்டு. கேட்டால் முரட்டு ஆள் ஒருவர் பாடுகிற மாதிரி இருக்கும், பள்ளிக்கூடப் பையன் என்று நம்ப முடியாது.

நான்கு பேரும் குழுவுக்குப் பெயர் தேடியபோது, ஸ்டூடியோ பக்கத்தில் இருந்த பிக் ஸ்டார் மளிகைக் கடையின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். 1972-ல் வந்த முதல் ஆல்பத்துக்கு 'நம்பர் ஒன் ரெக்கார்ட்' என்றே பெயர் வைத்தார்கள். குசும்புதான். ஆனால் உள்ளே இருந்த பாட்டுகளில் விளையாட்டு இல்லை. நீள நீளமான கிட்டார் தனி ஆவர்த்தனங்கள் மவுசாக இருந்த காலம் அது. இவர்களோ சின்னச் சின்னப் பாட்டுகளாகப் போட்டார்கள். பீட்டில்ஸிடம் கற்ற மெட்டு, குரல் மேல் குரல் அடுக்குவது, தெளிவான கிட்டார். விமர்சகர்கள் கொண்டாடினார்கள். படித்துவிட்டுக் கடைக்குப் போனவர்களுக்கு ரெக்கார்டு கிடைக்கவில்லை.

ஏன் என்பதைத்தான் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆர்டென்ட் போட்ட ரெக்கார்டுகளைக் கடைகளுக்குக் கொண்டுபோகும் பொறுப்பு ஸ்டாக்ஸ் கம்பெனியிடம் இருந்தது. ஸ்டாக்ஸ், மெம்ஃபிஸின் பெருமை. கறுப்பின மக்களின் சோல் இசையை நாடெங்கும் கொண்டுபோன நிறுவனம். அந்த இசை ஓடுகிற வானொலிகளும் கடைகளும் அவர்களுக்கு அத்துபடி. வெள்ளைக்காரப் பையன்களின் கிட்டார் பாட்டை எங்கே கொண்டுபோய் விற்பது என்பதில் அந்த அளவுக்குப் பழக்கம் இல்லை. இந்த நேரத்தில் ஸ்டாக்ஸ், கொலம்பியா என்ற பெரிய கம்பெனியுடன் விநியோக ஒப்பந்தம் போட்டது. கொலம்பியா வந்ததும் பழைய சிறு விநியோகஸ்தர்களைக் கழற்றிவிட்டது. கடைகளில் ஏற்கெனவே இருந்த பிரதிகள்கூடத் திரும்பப் போயின. படம் நன்றாக வந்திருக்கிறது, போஸ்டரும் ஒட்டியாகிவிட்டது, தியேட்டருக்குப் பெட்டி மட்டும் வரவில்லை என்பார்களே, அதே கதைதான். அந்தச் சமயத்தில் விற்றது பத்தாயிரம் பிரதிகள்கூட இல்லை.

கிரிஸ் பெல் மனமுடைந்து விலகினார். குழு கலைந்துபோன மாதிரிதான் இருந்தது. 1973 மே மாதம் ஆர்டென்ட்காரர்கள் அமெரிக்க இசை எழுத்தாளர்களை மெம்ஃபிஸுக்கு வரவழைத்து ஒரு மாநாடு நடத்தினார்கள். மீதி மூவரும் அவர்கள் முன் வாசித்தார்கள். எளிதில் அசையாத அந்தக் கூட்டம் அசந்துபோனது. அந்தத் தெம்பில் பிறந்த இரண்டாவது ஆல்பம்தான் 'ரேடியோ சிட்டி', 1974. என்னைக் கேட்டால் மூன்றில் இதுதான் உயர்ந்தது. இதையும் கொலம்பியாவுக்கும் ஸ்டாக்ஸுக்கும் நடந்த சண்டை விழுங்கியது. 1975-ல் ஸ்டாக்ஸே திவாலானது. ஜிம் டிக்கின்சன் தயாரிப்பில் பதிவான மூன்றாவது ஆல்பம் வாங்க ஆளில்லாமல் கிடந்து, 1978-ல்தான் வெளியானது. அதே ஆண்டு டிசம்பரில் கிரிஸ் பெல் கார் விபத்தில் இறந்தார். வயது 27. அவருடைய தனி ஆல்பம் வெளிவர 1992 ஆயிற்று.

இந்த மாதிரிக் கதைகளில் ஒரு வசியம் இருக்கிறது, அங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். கதை உருக்கமாக இருப்பதால் பாட்டும் நன்றாக இருக்கிறது என்று காது ஏமாந்துவிடும். பழைய ரெக்கார்டுகளை மறுபடி வெளியிடுகிற கம்பெனிகள் பல உண்டு. சிகாகோவின் நியூமெரோ குரூப், சியாட்டிலின் லைட் இன் தி அட்டிக் போன்றவை அருமையான வேலை செய்கின்றன. அமெரிக்காவில் சீந்துவாரில்லாமல், தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிரபலமாக இருந்த ரோட்ரிக்ஸின் 'கோல்ட் ஃபாக்ட்' ஆல்பத்தை மறுபடி கொண்டுவந்தது இரண்டாவதாகச் சொன்ன கம்பெனிதான். ஆனாலும் மறக்கப்பட்டது எல்லாம் மாணிக்கம் அல்ல. நியாயமாகவே மறக்கப்பட்டவையும் ஏராளம்.

ஆகவே கேட்டுத்தான் பார்க்க வேண்டும். முதல் ஆல்பத்தில் 'தர்டீன்' என்று ஒரு பாட்டு. டிரம்ஸ் கிடையாது. அக்கூஸ்டிக் கிட்டார், மேலே ஒரு குரல், பின்னால் மெல்லச் சேரும் துணைக் குரல்கள், மூன்று நிமிடம்கூட இல்லை. பதின்மூன்று வயதுப் பையனின் காதல்தான் விஷயம். பெரியவர்கள் இதைப் பாடினால் பெரும்பாலும் ஒரு கேலி எட்டிப்பார்க்கும். சில்ட்டன் அந்தப் பையனின் தயக்கத்தோடேயே பாடிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். அடுத்து 'ரேடியோ சிட்டி'யின் 'செப்டம்பர் கேர்ள்ஸ்'. முதல் தடவை மெட்டுக்காகக் கேளுங்கள். இரண்டாம் தடவை ஹெட்போன் போட்டு டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். ஜோடி ஸ்டீவன்ஸ் வெறுமனே தாளம் போட்டுக்கொண்டிருக்கவில்லை, பாடகர் மூச்சு விடும் இடங்களிலெல்லாம் ஏதோ பதில் சொல்லிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகத் துலங்குகிறதே, அது ஜான் ஃப்ரையின் கைவண்ணம். ஆங்கிலச் சொற்கள் பிடிபடாவிட்டாலும் கவலை வேண்டாம், இவை மெட்டாலும் குரலாலும் நிற்கிற பாட்டுகள்.

கடைக்கே வராத இந்தப் பாட்டுகள் பிறகு எப்படிப் பிழைத்தன? கைக்குக் கிடைத்த பிரதிகளைத் தேயத் தேயக் கேட்டவர்களில் பலர் பிற்பாடு தாங்களே குழு ஆரம்பித்தார்கள். 'செப்டம்பர் கேர்ள்ஸ்' பாட்டை பேங்கிள்ஸ் குழு 1986-ல் பாடியது. ரீப்ளேஸ்மென்ட்ஸ் குழு 1987-ல் 'அலெக்ஸ் சில்ட்டன்' என்றே ஒரு பாட்டு போட்டது. அந்த ஆல்பம் பதிவானது ஆர்டென்டில், தயாரித்தவர் ஜிம் டிக்கின்சன்!

இதைத் திருப்பிப் போட்டால் தேடுகிற வழி கிடைத்துவிடும். உங்களுக்குப் பிடித்த குழு யாருடைய பாட்டை எடுத்துப் பாடியிருக்கிறது என்று பாருங்கள். ரெக்கார்டின் பின்னட்டையில் தயாரிப்பாளர் பெயர், ஸ்டூடியோ பெயர் இருக்கும். அதே பெயர்கள் வேறு எங்கே வருகின்றன என்று போய்ப் பாருங்கள். நேற்று வந்த குழுவைக் கண்டுபிடிக்கவும் இதே வழிதான். இப்போது லாரி, குடோன் சிக்கல் தீர்ந்துவிட்டது, எல்லாம் செல்போனிலேயே இருக்கிறது. ஆனால் செயலியின் போக்கில் விட்டால் நேற்றுக் கேட்டதற்கு ஒன்றுவிட்ட சகோதரனைத்தான் இன்றைக்கும் நீட்டும். பெயர்களைத் தட்டித் தேடுகிற சின்ன உழைப்பை நாம்தான் செய்ய வேண்டும்.

பிக் ஸ்டாரின் மூன்றாவது ஆல்பத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். விமர்சகர்களில் பலருக்கு அதுதான் உச்சம். எனக்கு அதில் பாதிப் பாட்டுகள் சிதறிக் கிடப்பதாகவே படுகிறது, மீதிப் பாதி உலுக்கிவிடும். இறுதி வரிசை முடிவாகாமலே போனதால் ஒவ்வொரு வெளியீட்டிலும் பாட்டுகள் வேறு வேறு வரிசையில் இருக்கும். எதில் கேட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. 'ஹோலோகாஸ்ட்' என்ற பாட்டை மட்டும் படுக்கப் போகும் நேரத்தில் போடாதீர்கள், அன்றைய தூக்கம் போய்விடும்.