கடலுக்குக் குறுக்கே ஒரு கல் அணை

அமெரிக்காவுக்கு வடக்கே கனடா என்ற நாடு இருக்கிறது. அதன் கிழக்கு ஓரத்தில் ஒரு தீவு. பெயர் கேப் பிரெட்டன். அந்தத் தீவில் நிலக்கரி வெட்டினார்கள். இரும்பு உருக்கினார்கள். ஆனால் தீவுக்கும் நாட்டுக்கும் நடுவே கடல் கிடந்தது. கான்சோ நீரிணை என்று அதற்குப் பெயர். குறுகிய கடல்தான். ஆனாலும் ரயில் பெட்டிகளைக்கூடப் படகில் ஏற்றித்தான் அக்கரை சேர்த்தார்கள். குளிர்காலத்தில் பனிக்கட்டிகள் மிதந்து வந்து வழியை மறிக்கும். மக்கள் கரையில் காத்துக் கிடப்பார்கள்.

பாலம் கட்டலாமே என்று கேட்பீர்கள். அவர்களும் முதலில் அப்படித்தான் நினைத்தார்கள். பனிக்கட்டி மோதித் தூண்கள் உடைந்துவிடுமோ என்று பயம் வந்தது. அதனால் கல்லைக் கொட்டிக் கடலையே அடைக்க முடிவு செய்தார்கள்.

1952-இல் வேலை தொடங்கியது. அருகில் இருந்த ஒரு மலையை வெடி வைத்து உடைத்தார்கள். பாறைகளை லாரி லாரியாகக் கடலில் கொட்டினார்கள். சுமார் 90 லட்சம் டன் கல்! சில இடங்களில் கடலின் ஆழம் 65 மீட்டர். ஏறக்குறைய தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரம். 1954 டிசம்பரில் அணை அக்கரையைத் தொட்டது. அதன் மேல் சாலையும் ரயில் பாதையும் போட்டார்கள். நீளம் சுமார் 1,400 மீட்டர்.

சரி, கடலை அடைத்துவிட்டால் கப்பல் எப்படிப் போகும்?

அதற்காகத் தீவின் ஓரத்தில் ஒரு கால்வாய் வெட்டினார்கள். அணையின் இரண்டு பக்கமும் கடல் மட்டம் ஒன்றாக இருக்காது. ஆகவே கால்வாயில் முன்னும் பின்னும் பெரிய கதவுகள் வைத்தார்கள். கப்பல் உள்ளே வந்ததும் பின் கதவை மூடுவார்கள். ஏரி மதகைத் திறப்பதுபோல் திறந்து, தண்ணீரை ஏற்றுவார்கள் அல்லது இறக்குவார்கள். உள்ளே இருக்கும் தண்ணீரும் வெளிக் கடலும் ஒரே மட்டத்துக்கு வரவேண்டும். பிறகுதான் முன் கதவு திறக்கும்.

சாலையும் இந்தக் கால்வாயைக் கடக்க வேண்டுமே! அங்கே ஒரு சுழல் பாலம் உண்டு. கப்பல் வந்தால் பாலம் பக்கமாகத் திரும்பி வழிவிடும். எவ்வளவு பெரிய மனிதரின் காராக இருந்தாலும் அதுவரை நிற்க வேண்டியதுதான்.

இந்த வழிக்காகப் பாடுபட்டவர் ஆங்கஸ் மக்டொனால்ட். அந்த மாகாணத்தின் முதல்வர். அந்தத் தீவில் பிறந்தவர். 1955 ஆகஸ்ட் 13-ஆம் நாள் திறப்பு விழா நடந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. முந்தின ஆண்டே இறந்துவிட்டார்.

வடக்கிலிருந்து வரும் பனிக்கட்டியை அணை தடுத்தது. அதனால் தெற்குப் பக்கம் குளிர்காலத்திலும் கப்பல் வந்தது. காகித ஆலையும் வந்தது. ஆனால் இக்கரையில் மல்கிரேவ் என்ற ஊர் படகுத்துறையை நம்பி இருந்தது. படகு நின்றது. அதில் வேலை செய்தவர்களின் பிழைப்பும் போனது. பின்னாளில் தெற்குக் கடலில் சிங்கி இறாலும் குறைந்தது. குஞ்சுகள் நீரோட்டத்தில் வர முடியாமல் அணை தடுத்துவிட்டது என்றார்கள் சில அறிஞர்கள். காரணம் அது அல்ல என்றார்கள் வேறு சிலர்.