மானின் மூக்கிடம் சோப்பு பலிக்காது!

அமெரிக்காவின் பென்சில்வேனியா மலைக்காடுகளில் அக்டோபர் வந்தால் போதும், வில் வேட்டைக்காரர்கள் மரத்தில் கட்டிய பரண்களில் ஏறிவிடுவார்கள். அங்கே உரிமம் வாங்கி வெள்ளைவால் மானை வேட்டையாடலாம். பல வீடுகளில் குளிர்காலக் கறியே அதுதான். ஆனால், அம்பு எய்ய மான் சுமார் 30 மீட்டருக்குள் வர வேண்டும். அதற்குள் அதன் மூக்கு முந்திக்கொள்ளும்!

அதனால் மணமில்லாத சோப்பில் குளியல். உடைகள் காற்றுப் புகாத பெட்டியில். காட்டுக்குப் போய்த்தான் மாற்றுவார்கள். வழியில் பெட்ரோல் போட்டால் அந்த வாடையும் கூடவே வந்துவிடுமே! வாடை போக்கும் ஸ்பிரேக்களும் கடைகளில் உண்டு. என்ன தெளித்து என்ன, மூச்சையும் வியர்வையையும் நிறுத்த முடியுமா? கடைசியில் காப்பாற்றுவது காற்றுதான். மான் வரும் பக்கமிருந்து அது முகத்தில் அடிக்க வேண்டும். பிடரியில் பட்டால் போச்சு. சிறு குப்பியிலிருந்து பவுடரைப் பீய்ச்சி, அது மிதந்து போகும் திசையைப் பார்த்துக்கொள்வார்கள்.

மலையில் இன்னொரு சிக்கல். வெயில் ஏறினால் காற்று சரிவில் மேலேறும். பொழுது சாய்ந்தால் குளிர்ந்து பள்ளத்துக்கு இறங்கும். காலையில் மேட்டில் உட்கார்ந்தவர் மாலையிலும் அதே பரணில் இருந்தால், அவர் வாடை கீழே மேயும் மானிடம் போய்ச் சேரும். அது முன்னங்காலால் தரையை ஓங்கித் தட்டும், மூக்கால் சீறும், வெள்ளை வால் கொடிபோல உயரும். அவ்வளவுதான், நாள் முழுக்கக் காத்திருந்தவர் வெறுங்கையோடு இறங்க வேண்டியதுதான்.