கோல்ஃப் ஆடுவோருக்கு ஏற்ற மூக்குக்கண்ணாடி

“அலுவலகத்தில் இந்தக் கண்ணாடியால் எந்தக் குறையும் இல்லை, டாக்டர். கோல்ஃப் ஆடும்போது மட்டும் காலடியில் இருக்கும் பந்து மங்குகிறது.” எங்கள் கண் சிகிச்சைப் பிரிவில் நாற்பத்தைந்து வயதைக் கடந்த ஆட்டக்காரர்களிடமிருந்து இந்த முறையீட்டை அடிக்கடி கேட்கிறோம். மறைமலை நகர், ஒரகடம், மகேந்திரா வேர்ல்டு சிட்டி ஆகிய இடங்களிலுள்ள தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிந்துகொண்டு, ஓய்வு நாளில் நந்தனம் மைதானத்துக்குச் சென்று ஆடுவோர் உண்டு. விடுமுறையில் கொடைக்கானலிலோ உதகையிலோ ஆடுவோரும் உண்டு. அவர்களில் பலர் தம் கண்பார்வை கெட்டுவிட்டதோ என்று அஞ்சி வருகிறார்கள். பெரும்பாலும் கண்ணில் குறை இருப்பதில்லை. கண்ணாடியின் பவரிலும் பிழை இருப்பதில்லை. ஒரு வேலைக்காகச் செய்த கண்ணாடியை வேறொரு வேலைக்குப் பயன்படுத்துவதே சிக்கலுக்குக் காரணம்.

பந்து கீழே இருக்கிறது, அருகில் இல்லை

நாற்பது வயதுக்குப் பின் கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் நெகிழ்வை இழக்கத் தொடங்குகிறது. அதனால் கிட்டத்திலுள்ள எழுத்து மங்குகிறது. இதையே நம் முன்னோர் வெள்ளெழுத்து என்றனர். இதற்காக நாம் அணியும் பைஃபோகல், புரோகிரசிவ் ஆகிய இருவகைக் கண்ணாடிகளிலும் மேற்பகுதி தூரப் பார்வைக்கும் கீழ்ப்பகுதி வாசிப்புக்கும் உரியவை. கீழே குனிந்து பார்ப்பவர் புத்தகத்தையோ கைப்பேசியையோதான் பார்க்கிறார் என்ற கணிப்பில் அமைந்தவை இவை.

கோல்ஃப் ஆட்டத்தில் இந்தக் கணிப்பு பொய்த்துவிடுகிறது. நின்று ஆடுபவரின் கண்ணிலிருந்து தரையிலுள்ள பந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் தொலைவில் இருக்கிறது. செய்தித்தாளை நாம் 40 சென்டிமீட்டரில் வைத்துப் படிக்கிறோம். அந்தத் தூரத்தைத் தெளிவாகக் காணக் கண்ணுக்கு 2.5 டையாப்டர் அளவு கூடுதல் குவிப்புத் திறன் வேண்டும். ஒன்றரை மீட்டருக்கு வேண்டியது 0.7 டையாப்டருக்கும் குறைவே. கண்ணாடியின் வாசிப்புப் பகுதியோ +2.00 அளவுக்குக் கூடுதல் பவர் கொண்டிருக்கலாம். அதன் வழியாகப் பந்தைப் பார்த்தால் அது மங்கலாகவும் சற்றுப் பெரிதாகவும் தெரியும்.

இதைத் தவிர்க்க ஆட்டக்காரர் தம்மை அறியாமலேயே தாடையை மார்பை நோக்கித் தாழ்த்தி, லென்ஸின் மேற்பகுதி வழியாகப் பந்தைப் பார்க்க முயல்கிறார். இதனால் நிற்கும் நிலை மாறுகிறது, கழுத்து வலிக்கிறது, அடியும் தவறுகிறது. பயிற்சியாளர் தோளைத் திருத்துவார். குறை மூக்கின்மேல் இருக்கும்.

புரோகிரசிவ் லென்ஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் கீழ்ப்பகுதியில் இரு பக்கங்களிலும் பார்வை சற்றுக் கலங்கும். தலையைத் திருப்பும்போது தரை அசைவதுபோலத் தோன்றும். இது லென்ஸின் அமைப்பிலேயே உள்ள இயல்பு. குழியை நோக்கிப் பந்தை உருட்டும்போது புல்தரையின் மெல்லிய சரிவைக் கணிக்க வேண்டியிருக்கிறது. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர் மட்டுமே. அத்தகைய நுண்ணிய கணிப்புக்கு நடுவில் தரையே ஆடினால் என்ன செய்வது?

எந்த லென்ஸ் பொருந்தும்?

பெரும்பாலோருக்கு எளிய தீர்வு, தூரப் பார்வைக்கு மட்டுமான ஒற்றைப் பவர் லென்ஸ். லென்ஸ் முழுவதும் ஒரே பவர் இருப்பதால் தொலைவிலுள்ள கொடியும் காலடியிலுள்ள பந்தும் சரிவும் இயல்பாகத் தெரியும். ஒன்றரை மீட்டரில் ஏற்படும் சிறு மங்கல் பலருக்குத் தொந்தரவாக இருப்பதில்லை. மதிப்பெண் அட்டையைப் படிக்க வாசிப்புக் கண்ணாடி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு கண்ணாடிகளை மாற்றி மாற்றி அணிய விரும்பாதவர்களுக்கு ஒரு மாற்று வழி உண்டு. ஒரே ஒரு லென்ஸின் கீழ் மூலையில் சிறிய வட்டமாக வாசிப்புப் பவரை அமைக்கலாம். வலக்கை ஆட்டக்காரருக்கு வலது லென்ஸின் வெளிப்புறக் கீழ் மூலையில் அமைப்பது வழக்கம். பந்தைப் பார்க்கும்போது அது குறுக்கே வராது. அட்டையைப் படிக்கும்போது கண்ணைச் சற்று ஓரமாகத் திருப்பினால் போதும்.

புரோகிரசிவ் லென்ஸே வேண்டும் என்போருக்கு, தூரப் பகுதி அகலமாக அமைந்த வகையைத் தேர்ந்து, வழக்கத்தைவிடச் சில மில்லிமீட்டர் தாழ்வாகப் பொருத்தலாம். ஆனால் அதைக் கொண்டு நெடுநேரம் வாசிப்பது எளிதாக இராது. எனவே அதை ஆட்டத்துக்கான கண்ணாடியாக மட்டுமே கருத வேண்டும்.

கான்டாக்ட் லென்ஸோ கண்புரை அறுவையோ மூலம் ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டத்துக்கும் அமைத்துக்கொண்டவர்களுக்கு ஆழத்தை அளவிடும் திறன் சற்றுக் குறையலாம். அவர்கள் ஆட்டத்தின்போது இரு கண்களையும் தூரத்துக்குச் சமப்படுத்தும் கண்ணாடியை அணியலாம்.

கோல்ஃப் ஆடாதவருக்கும் இது பொருந்தும்

தாம்பரம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தின் படிகளில் இறங்கும் பெரியவரை எண்ணிப் பாருங்கள். அவர் காலடியும் கீழேதான் இருக்கிறது, அருகில் இல்லை. பைஃபோகலின் வாசிப்புப் பகுதி வழியாகப் படியின் விளிம்பைப் பார்க்கும்போது அது மங்கி இடம் மாறித் தோன்றும். 2010ஆம் ஆண்டில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று, அடிக்கடி வெளியே நடமாடும் முதியவர்கள் வெளியில் செல்லும்போது ஒற்றைப் பவர் கண்ணாடி அணிந்தால் விழுவது குறைகிறது எனக் கண்டது. பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருப்போருக்கு அந்த மாற்றம் நன்மை தரவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஆகவே கண்ணாடி ஆளைப் பொறுத்தது. அவர் வாழும் முறையைப் பொறுத்தது.

உடையாத லென்ஸ்: விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று

கோல்ஃப் பந்தின் எடை 45.93 கிராமுக்கு மிகக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது ஆட்டத்தின் விதி. கிரிக்கெட் பந்தைவிட இது மிகச் சிறியது. ஆனால் கடினமானது, மிக வேகமாகச் செல்வது. கண்குழியைச் சுற்றியுள்ள எலும்பு பெரிய பந்தின் அடியை ஓரளவு தாங்கிக்கொள்ளும். சிறிய பந்தின் விசையோ விழியையே நேரடியாகத் தாக்கக்கூடும். கோல்ஃப் ஆட்டத்தில் கண் காயம் அரிது. நேர்ந்தால் பெரும்பாலும் கடுமையானது. விழியையே இழந்தோர் உண்டு.

எனவே ஆட்டத்துக்கான லென்ஸ் பாலிகார்பனேட் அல்லது டிரைவெக்ஸ் என்னும் பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். இவை அடியைத் தாங்கும் ஆற்றலில் சாதாரண பிளாஸ்டிக் லென்ஸைவிட மிக உயர்ந்தவை. கண்ணாடியால் ஆன லென்ஸை மைதானத்துக்கு அணிந்து செல்லவே கூடாது. அது உடைந்தால் சிதறும் துண்டுகளே கண்ணைக் கிழித்துவிடும்.

ஒரு கண்ணில் மட்டுமே நல்ல பார்வை உள்ளவர்களுக்கு இது அறிவுரை அன்று, கட்டாயம். பவர் தேவையில்லை என்றாலும் அவர்கள் பாலிகார்பனேட் கண்ணாடி அணிந்தே மைதானத்தில் நிற்க வேண்டும். பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் கவனிக்க: மட்டையை வீசுபவரின் அருகில் பிள்ளைகள் நிற்கக் கூடாது. “ஃபோர்!” என்ற எச்சரிக்கைக் குரல் கேட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது; குனிந்து இரு கைகளாலும் தலையை மூடிக்கொள்ள வேண்டும்.

வெயிலும் நிறமும்

நம் ஊர் வெயிலில் நான்கு மணி நேரம் நிற்பவருக்குப் புறஊதாக் கதிர்களிலிருந்து பாதுகாப்பு வேண்டும். கண்ணின் வெண்பகுதியிலிருந்து கருவிழிமேல் சதை வளர்வதற்கும், கண்புரைக்கும் இக்கதிர்கள் துணைபோகின்றன. லென்ஸ் 400 நானோமீட்டர் வரையிலான புறஊதாக் கதிர்களைத் தடுக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். நிறம் மட்டும் பாதுகாப்பு ஆகாது. இத்தடுப்பு இல்லாத மலிவான கூலிங் கிளாஸின் இருளில் கண்ணின் பாவை விரிந்து, கதிர்கள் கூடுதலாக உள்ளே செல்ல வாய்ப்புண்டு.

கொடைக்கானலும் உதகையும் கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேல் இருப்பவை. ஒவ்வோர் 1000 மீட்டருக்கும் புறஊதாக் கதிர்களின் அளவு சுமார் 10 சதவீதம் கூடுகிறது. குளிர்ச்சியை நம்பி அங்கே கண்ணாடியைக் கழற்றிவிடாதீர்கள்.

வெயிலில் தானே கறுக்கும் லென்ஸ் வசதியானது. எனினும் வெப்பம் மிகுந்தால் அது குறைவாகவே கறுக்கும். கொடைக்கானலில் நன்கு கறுக்கும் அதே லென்ஸ் சென்னையின் மே மாதத்தில் ஏமாற்றலாம். காரின் முன்கண்ணாடி புறஊதாக் கதிர்களைத் தடுப்பதால் ஜி.எஸ்.டி. சாலையில் வண்டி ஓட்டும்போதும் அது போதிய அளவு கறுக்காது.

பழுப்பு நிறம் புல்லுக்கும் பந்துக்கும் இடையிலான வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும். சாம்பல் நிறம் வண்ணங்களை உள்ளவாறே காட்டும். போலரைஸ்டு லென்ஸ் நீர்ப்பரப்பின் கூச்சத்தைக் குறைக்கும். ஆனால் புல்தரையின் பளபளப்பைக் கொண்டு சரிவைக் கணிப்போர் சிலருக்கு அது பிடிப்பதில்லை. கைப்பேசித் திரையும் சில கோணங்களில் இருண்டு தெரியும். வாங்குமுன் வெளியில் நின்று அணிந்து பாருங்கள். கூலிங் கிளாஸின் அடர்த்தி 0 முதல் 4 வரை குறிக்கப்படும். 4ஆம் எண் கொண்டதை அணிந்து வண்டி ஓட்டக் கூடாது.

ஃபிரேம்

முகத்தை வளைத்துச் சூழும் ஃபிரேம் பக்கவாட்டு ஒளியையும் தூசியையும் தடுக்கும். ஆனால் பவர் அதிகமுள்ளவர்களுக்கு அந்த வளைவே பார்வையைத் திரிக்கும். வளைவுக்கு ஏற்ப லென்ஸைத் திருத்திச் செய்ய முடியுமா என்று கேட்டறிக; இயலாதெனில் மிதமான வளைவே போதும். பக்கப் பார்வையை மறைக்கும் தடித்த காதுத்தண்டுகளைத் தவிர்க்கவும். வியர்வையில் வழுக்காத ரப்பர் மூக்குத்தாங்கிகள் நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றவை. புதிய கண்ணாடியை, முக்கியமாகச் சிலிண்டர் பவர் மாறியிருந்தால், ஓரிரு வாரம் அணிந்து பழகிய பின்னரே போட்டியில் பயன்படுத்துங்கள்.

கண்ணாடிக்கு முன் கண்

பவர் அடிக்கடி மாறினால் கண்ணாடிக் கடைக்குச் செல்லுமுன் கண் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரையின் அளவு கட்டுப்பாட்டில் இல்லாதபோது கண்ணின் பவர் ஏறி இறங்கும். அந்நிலையில் செய்த கண்ணாடி, சர்க்கரை சீரானதும் பயன்படாமல் போகும். கண்புரை தொடங்கும்போது கிட்டப்பார்வை கூடலாம். பறக்கும் பந்தைப் பின்தொடர முடியாமை, வெயிலில் கூச்சம் ஆகியன அதன் அறிகுறிகளாகவும் இருக்கலாம். அறுவை செய்துகொண்டவர்கள் அறுவை மருத்துவரின் அனுமதிக்குப் பின்னரே மட்டையைத் தொட வேண்டும்.

உங்கள் கேடியின் கண்கள்

ஆட்டக்காரர் அடித்த பந்து எங்கே விழுந்தது என்று பார்த்துச் சொல்பவர் கேடி. நாள் முழுவதும் வெயிலில் நிற்பவரும், பிறருடைய பந்துகளின் பாதையில் நடப்பவரும் அவரே. ஆட்டக்காரரின் கண்ணாடிக்குப் பல்லாயிரம் ரூபாய் செலவாகும்போது, அவரோடு நடக்கும் கேடி ஒருமுறையேனும் கண் பரிசோதனை செய்துகொண்டாரா என்று கேட்பவர் குறைவு. வயதாகிவிட்டது, பந்து தெரியவில்லை என்று அவருக்கு வேலை குறையும். தேவைப்பட்டது ஒரு கண்ணாடியாக மட்டும் இருந்திருக்கலாம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையிலும் கண் பரிசோதனை செய்துகொள்ளலாம். அடுத்த முறை செல்லும்போது கேளுங்கள்: “கண் பரிசோதனை செய்து எவ்வளவு நாளாயிற்று?”

கண்ணில் அடிபட்டால்

கண்ணைத் தேய்க்கவோ அழுத்தவோ கூடாது. பந்தோ மட்டையோ பட்ட கண்ணைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம்; எந்தச் சொட்டுமருந்தும் இட வேண்டாம். குத்தி நிற்கும் துண்டைப் பிடுங்க வேண்டாம். காகிதக் கோப்பையின் அடிப்பகுதியைக் கண்மீது படாமல் கவிழ்த்து, அதன் விளிம்பு எலும்பின்மேல் தங்குமாறு ஒட்டி, உடனே கண் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அறுவை தேவைப்படலாம் என்பதால் உண்ணவும் பருகவும் கொடுக்காதீர்கள்.

வலி தணிந்த பின்னும் ஒளிக்கீற்றுகள், மிதக்கும் கரும்புள்ளிகள், திரை விழுந்ததுபோன்ற நிழல் ஆகியவை தோன்றினால் விழித்திரை விலகியிருக்கலாம். அன்றே வர வேண்டும். பலமாக அடிபட்ட கண்ணில் பல ஆண்டுகள் கழித்தும் அழுத்தம் உயரக்கூடும். ஆகவே ஆண்டுக்கொருமுறை பரிசோதனை அவசியம்.

மருத்துவரிடம் வரும்போது

நீங்கள் அணியும் எல்லாக் கண்ணாடிகளையும் கொண்டுவாருங்கள். வலக்கையால் ஆடுவீர்களா இடக்கையாலா, காலையிலா நண்பகலிலா என்று சொல்லுங்கள். பந்தைப் பார்க்க நிற்பதுபோல எங்கள் அறையில் நின்று காட்டத் தயங்க வேண்டாம். உங்கள் கண்ணுக்கும் தரைக்கும் இடையிலுள்ள தூரத்தை நாங்கள் அளந்து பார்ப்போம். ஆடாதவர்கள் தம் தையல் இயந்திரம், கணினி, மாடிப்படி ஆகியவற்றின் தூரத்தைச் சொல்லலாம். எதை, எவ்வளவு தூரத்தில், எந்தத் திசையில் பார்க்கிறீர்கள் என்பது தெரிந்தால், அதற்குப் பொருந்தும் கண்ணாடியை எழுதித் தர எங்களால் இயலும்.