பிரேக் பேடை வீட்டிலேயே மாத்தினா உண்மையில எவ்வளவு மிச்சம்?

நீங்க சூலக்கரையில இருந்து தினமும் நாலுவழிச் சாலையில கார்ல வேலைக்குப் போறீங்க, வருஷத்துக்கு 12,000 கி.மீ. ஓட்டுறீங்கன்னு வச்சுக்குவோம். சர்வீஸ்ல விட்டா, "முன்பக்க பேடு, டிஸ்க் ரெண்டும் மாத்தணும்"னு சொல்றாங்க. நாமளே மாத்திட்டா லாபமா? கணக்கு போட்டுப் பார்ப்போம். தொகையெல்லாம் உதாரணம்தான், உங்க காருக்கு மாறும்.

பில்லுல என்ன இருக்கு?

பேடு ரூ.2,500. டிஸ்க் ரெண்டு ரூ.5,000. கூலி ரூ.1,500, அதுக்கு 18% ஜி.எஸ்.டி. ரூ.270. பொருளை எப்படியும் வாங்கித்தான் ஆகணும். அதனால வீட்டுல செஞ்சா மிச்சம் ரூ.1,770 மட்டும்தான்.

இதுவும் சின்னத் தொகை இல்லை. சம்பளக்காரங்க சொந்தக் கார் ரிப்பேரை வரிக் கணக்குல செலவா காட்ட முடியாது. நீங்க 30% வரம்புல இருந்தா, செஸ் சேர்த்து 31.2% போக ரூ.1,770 கையில நிக்க, ரூ.2,573 சம்பாதிக்கணும்.

ஆனா கருவிகள்?

ஜாக்கி ஸ்டாண்டு, டார்க் ரெஞ்ச், சி கிளாம்ப் எல்லாம் சேர்த்து ரூ.5,000னு வைங்க. பேடு 40,000 கி.மீ. தாங்கினா, மூணு வருஷத்துக்கு மேல ஒரு தடவைதான் மாத்துவீங்க. போட்ட காசு திரும்ப மூணாவது தடவை, அதாவது ஏழாவது வருஷம் ஆகும்! நாலு நண்பர்கள் சேர்ந்து வாங்கினா, தலைக்கு ரூ.1,250. முதல் தடவையிலேயே கணக்கு தீர்ந்துடும்.

பெரிய மிச்சம் எங்கே?

டிஸ்க்லதான். பேடு முழுசா தேய்ஞ்சா, அதோட இரும்புத் தகடு டிஸ்கை அறுக்கும். ரூ.2,500ல முடியவேண்டிய வேலை ரூ.7,500 ஆகிடும். பேடு 3 மி.மீ. ஆனதுமே மாத்திடுங்க. டிஸ்க்ல குறைந்தபட்ச தடிமன் பொறிச்சிருக்கும். அதுக்கு மேல இருந்து, ஆழமான கோடு, விரிசல், பிரேக் பிடிக்கும்போது அதிர்வு எதுவும் இல்லைன்னா, "டிஸ்க்கை ஏன் மாத்தணும்?"னு தைரியமா கேளுங்க.

செய்றதா இருந்தா

1. சமதளத்துல நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்க. ஜாக்கியை மட்டும் நம்பாதீங்க, ஸ்டாண்டு கட்டாயம்.
2. காலிப்பரை ஹோஸ்ல தொங்க விடாம கம்பியில கட்டுங்க. பிரேக் தூசியை ஊதாதீங்க.
3. பிரேக் ஆயில் மூடியைத் திறந்து, பிஸ்டனை மெதுவா உள்ளே அழுத்துங்க.
4. புது டிஸ்க்ல இருக்கிற எண்ணெயை பிரேக் கிளீனரால துடைங்க. பேடுல கிரீஸ் படக்கூடாது.
5. ரெண்டு பக்கமும் சேர்த்தே மாத்துங்க. போல்ட்டை மேனுவல்ல சொன்ன அளவுக்கு முறுக்குங்க.
6. வண்டியை நகர்த்துறதுக்கு முன்னாடி, பெடல் கெட்டியாகிற வரைக்கும் மிதிங்க. இதை விட்டா முதல் மிதியில பிரேக் பிடிக்காது! ஆயில் அளவையும் பாருங்க.

முதல் தடவை அனுபவமுள்ள மெக்கானிக் ஒருத்தரைப் பக்கத்துல வச்சுக்கோங்க. ஏ.பி.எஸ். விளக்கு எரிஞ்சா, ஆயில் கசிஞ்சா, பின்சக்கரத்துல எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் இருந்தா, கூலியைக் கொடுத்துடுங்க. அந்த ரூ.1,770 செலவு இல்லை, உங்க வீட்டுக்கு இன்ஷூரன்ஸ். வாரண்டி இருக்கிற வண்டின்னா, முதல்ல அதோட நிபந்தனைகளைப் படிங்க.

இந்த ஞாயிற்றுக்கிழமை எதையும் கழட்ட வேண்டாம். டார்ச் அடிச்சு, சக்கர இடைவெளி வழியா பேடு எத்தனை மி.மீ. இருக்குன்னு மட்டும் பாருங்க. அதுக்கு ஒரு ரூபா செலவில்லை.