பளபளப்பா, கறுப்பா?

இவை இரண்டும் ஒரே அளவு அலுமினிய ஹீட்சிங்குகள், அதாவது வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டுகள். அடியில் ஒரே அளவு மின்சூடேற்றி. இடப்பக்கத்தது கண்ணாடிபோல் மெருகேற்றியது. வலப்பக்கத்தது கந்தக அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி அனோடைஸ் செய்து, கறுப்புச் சாயம் ஏற்றியது. பார்க்க அழகு இடப்பக்கத்ததுதான். குளிர்வது வலப்பக்கத்தது.

சூடான பொருள் காற்றுக்கு வெப்பத்தைக் கொடுப்பதோடு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகவும் வீசுகிறது. முழுக் கறுப்பான பொருள் வீசுவது 1 என்றால், மெருகேற்றிய அலுமினியம் சுமார் 0.05 தான் வீசும். அனோடைஸ் செய்தது 0.8 வரை. இந்த வேறுபாட்டை ஸ்காட்லாந்து அறிவியலாளர் ஜான் லெஸ்லி, வெந்நீர் நிரப்பிய உலோகப் பெட்டியின் பக்கங்களை வெவ்வேறு விதமாக்கி ஆராய்ந்து, 1804-இல் நூலாக வெளியிட்டார்.

கறுப்பு நிறத்துக்கே பெருமை முழுவதையும் கொடுத்துவிட வேண்டாம். வேலை செய்வது அனோடைஸ் செய்யும்போது மேலே உருவாகும் மெல்லிய அலுமினிய ஆக்சைடு. 60 டிகிரி செல்சியஸில் கதிர்வீச்சு மிகுதியாக இருப்பது சுமார் 9 மைக்ரான் அலைநீளத்தில். அங்கே சாயத்தின் நிறம் அநேகமாகப் பொருட்டில்லை. சாயமேற்றாத அனோடைஸும் ஏறக்குறைய இதே அளவு வீசும்.

மேலே உள்ள அகச்சிவப்புக் கேமராவில் மெருகேற்றியது குளிர்ந்ததுபோல் தெரியும். நம்பாதீர்கள்: அதில் பெரும்பாலும் தெரிவது அதன் சொந்த வெப்பமல்ல, அதைவிடக் குளிர்ந்த சுற்றுப்புறத்தின் பிரதிபலிப்பு!

இப்போது மின்விசிறிப் பொத்தானை அழுத்துங்கள். இரண்டின் வெப்பநிலையும் நெருங்கிவிடும். வீசும் காற்றே வெப்பத்தில் பெரும்பகுதியை அள்ளிச் சென்றுவிடுகிறது.